கரடி வீட்டு டைனிங் டேபிள்மேல் விளக்கு

சாப்பாட்டு மேசைக்கு மேலே சீலிங்கில் வயர் விடவில்லை. அதனால் ஒரு கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது. விஷயம் அவ்வளவுதான். மீதியெல்லாம் அவரவர் வாய்.

நடந்தது ஒரு காட்டில். மரங்கள் இருந்த காடு என்று நினைக்க வேண்டாம். மரங்களை வெட்டிவிட்டு, வெட்டிய மரங்களின் பெயரை பிளாக்குகளுக்கு வைத்த காடு. அங்கே மருதமர பிளாக்கில், ஏழாம் மாடியில், அம்பலவாணன் என்ற கரடி ஒரு ஃபிளாட் வாங்கினார். மனைவி செண்பகவடிவு. ஒரே மகள் நாச்சியார்.

வீட்டுக்குள் சுவர் கிடையாது. ஹால், சாப்பிடும் இடம், சமையல்கட்டு எல்லாம் ஒரே வெளி. நடுவில் சாப்பாட்டு மேசை. ஹாலில் விளக்கு உண்டு. சமையல்கட்டில் உண்டு. நடுவில் மட்டும் இருட்டு. பகலில் தெரியவில்லை. கரடி பகலில்தான் வீடு பார்த்தார்.

பில்டர் ஒரு நரி. கரடி அவரிடம் விளம்பரப் படத்தை நீட்டினார்.

"இதில் மேசைக்கு மேல விளக்கு தொங்குதே?"

"தொங்குது. வயர் தெரியுதா பாருங்க."

"தெரியல."

"நாங்க படத்திலேயே வயர் விடல சார். ஒளிவுமறைவே கிடையாது."

"அப்ப வெளிச்சம்?"

"ஓப்பன் பிளான் சார் இது. சுவரே இல்லை. ஹால் வெளிச்சம் தானா நடந்து வரும்."

வரவில்லை. ஹாலிலேயே உட்கார்ந்துவிட்டது. பில்டருக்கும் அதற்கும் ஏதோ ஒப்பந்தம் போல.

இதோடு போயிருந்தால் கதையே இல்லை. நாச்சியாருக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பையனும் கரடிதான், பக்கத்து மலை. பையனுடைய அம்மா செங்கமலம். அந்த அம்மா ஒரு வீட்டில் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். பிடிக்காத வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காது.

வந்தார்கள். சாயங்காலம். ஹாலில் பேச்சு நன்றாகவே போயிற்று. எழுந்து சாப்பிட வந்தார்கள். செங்கமலம் இலையைக் குனிந்து பார்த்தாள். இன்னும் குனிந்தாள்.

"இது என்ன, ரசமா பாயசமா?"

"பாயசம் சம்பந்தியம்மா," என்றாள் செண்பகவடிவு.

"அதுக்குள்ள என்ன சம்பந்தியம்மா?" என்று எழுந்துவிட்டாள். "விளக்கில்லாத இடத்தில கை நனைக்கிற வழக்கம் எங்க குடும்பத்தில இல்ல. அடுத்த வெள்ளிக்கிழமை வர்றோம். அப்பவும் இப்படியே இருந்தா, பொண்ணுக்கு வேற இடம் பாத்துக்குங்க."

போய்விட்டார்கள். செண்பகவடிவு புருஷனைப் பார்த்தாள்.

"ஏங்க, மேசையைத் தூக்கி ஹால்ல போட்டா?"

போட முடியாது. முழுத் தேக்கு, அவளுடைய அப்பா கொடுத்த சீர். கிரேன் வைத்து பால்கனி வழியாக ஏற்றியது. நாலு கரடி சேர்ந்து தள்ளிப் பார்த்தும் அசையவில்லை. விருந்தாளியை சோபாவில் உட்காரவைத்து மடியில் தட்டைக் கொடுக்கவும் மனசு வரவில்லை. மெழுகுவத்தி? நடு சீலிங்கில் புகைமணி இருந்தது. ஒரு வத்தியைக் கொளுத்தியதும் அது அலறி, தண்ணீர் கொட்டி, ஏழாம் மாடியே நனைந்தது. கவனியுங்கள். தண்ணீர் கொட்டுவதற்கு வயர் விட்டிருக்கிறான். வெளிச்சத்துக்கு விடவில்லை.

கரடி, ஃபிளாட்காரர்கள் சங்கத்து செக்ரட்டரியிடம் போனார். செக்ரட்டரி ஒரு உடும்பு. பிடித்தால் விடாத ஜாதி. பதவியையும்.

"சீலிங்கில ஒரு ஓட்டை போட்டுக்கறேன் சார். சின்னதா."

"உங்க சீலிங் யாரோட தரை?"

"மேல்வீட்டு யானையோடது."

"ஓட்டை போடுங்க. அடுத்த நாள் யானையோட கால் உங்க சாம்பார்ல நிக்கும். அப்புறம் என்கிட்ட வராதீங்க."

பிறகு இன்டீரியர் வேலைக்கு ஆந்தையைக் கூப்பிட்டார்கள். காட்டிலேயே பேர்போனவர். விளக்கை அணைத்துவிட்டு மேசையைச் சுற்றிவந்தார்.

"நல்லாத்தானே தெரியுது?"

"உங்களுக்குத் தெரியும் சார். எங்களுக்குத் தெரியல."

"அது உங்க ரசனையில இருக்கிற குறை. போகட்டும், பண்ணித் தர்றேன்."

முதலில் தரையில் நிற்கிற விளக்கு ஒன்று வந்தது. நாரைக் கழுத்துபோல வளைந்து மேசைக்கு மேல் எட்டிப் பார்த்தது. கரடி எழும்போதெல்லாம் மண்டையில் இடித்தது. மூன்றாவது இடியில் விளக்குதான் உடைந்தது. அடுத்து, சுவர் பிளக்கிலிருந்து நீள வயர் இழுத்து, பசை கொக்கியால் சீலிங்கில் ஒட்டி, ஒரு கூண்டு விளக்கைத் தொங்கவிட்டார். அழகாக இருந்தது. மேலே யானை ஒருமுறை புரண்டு படுத்தது. கூண்டு விளக்கு சாம்பார் சட்டிக்குள் உட்கார்ந்தது.

"மின்மினிகளைக் கூப்பிட்டா என்னங்க?" என்றாள் செண்பகவடிவு.

கூப்பிட்டார்கள். மின்மினிகளின் தலைவர் சொன்னார்: "நாங்க லைட் போடறது எங்களுக்குப் பொண்ணு பாக்க. உங்க பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்க இல்ல."

இத்தனைக்கும் நடுவில் நாச்சியார் ஒருநாள் வாய் திறந்தாள்.

"அந்தப் பையனை எனக்குப் பிடிச்சிருக்கு. அதை யாராவது கேட்டீங்களா?"

"முதல்ல லைட் முடியட்டும்மா," என்றார் அப்பா.

கடைசியாக ஆந்தை சார்ஜ் விளக்கு ஒன்றைக் கொடுத்தார். வயரே வேண்டாம், மேசை நடுவில் வைத்தால் போதும். நல்ல வெளிச்சம். இங்கே கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் அம்பலவாணன் அம்பலவாணனாயிற்றே. வெள்ளிக்கிழமை காலையிலிருந்து அந்த விளக்கைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார். உடும்புக்குக் காட்டினார். யானைக்குக் காட்டினார். லிஃப்டில் வந்த முயலையெல்லாம் நிறுத்திப் போட்டுக் காட்டினார். பட்டப்பகலில்.

சாயங்காலம் சம்பந்தி வீட்டார் வந்தார்கள். இலை போட்டாயிற்று. செங்கமலம் உட்கார்ந்தாள். "ம், இப்ப பரவாயில்ல," என்று கையை நீட்டினாள். விளக்கு மஞ்சளாயிற்று. பிறகு சிவப்பாயிற்று. பிறகு செத்தது.

நீட்டிய கை அப்படியே நின்றது.

"ஒரு நிமிஷம், சார்ஜ் போட்டுடறேன்," என்றார் கரடி.

"பொண்ணுக்கும் அப்பப்ப சார்ஜ் போடணுமா?" என்றாள் செங்கமலம். செருப்பைத் தேடினாள். பையன் முகம் சுருங்கியது. செண்பகவடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாச்சியாரைக் காணோம். அவளை யாரும் தேடவும் இல்லை.

செங்கமலம் வாசல்வரை போயிருப்பாள். ஹால் விளக்கு அணைந்தது. சமையல்கட்டு அணைந்தது. எதிர்வீடு, மேல்வீடு, கீழ்வீடு, வாசல், படிக்கட்டு, மருதமர பிளாக் முழுக்க அணைந்தது. ஜெனரேட்டர் லிஃப்டுக்கு மட்டும்தான். மேலே யானை ஏதோ கெட்ட வார்த்தை சொன்னது.

செங்கமலம் நின்றாள்.

"இங்கேயும் இப்படித்தானா?"

"அதை ஏன் கேக்கறீங்க," என்றார் கரடி, ஒன்றும் புரியாமல்.

"எங்க மலையில தினம் இதே கூத்து. மாவு அரைக்கப் போட்டா நிக்கும். போன் பண்ணினா எடுக்க மாட்டான்."

"எடுத்தா மட்டும்? 'உங்க ஏரியால மட்டும்தாங்க' என்பான்."

"அதே வார்த்தை! எங்ககிட்டயும் அதே வார்த்தைதான்!"

திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டாள். மின்சாரக்காரனைத் திட்டினாள். கரடி அவன் அப்பாவைத் திட்டினார். செண்பகவடிவு அமைச்சரைத் திட்டினாள். திட்டுகிற வேகத்தில் செங்கமலம் சோற்றைப் பிசைந்தாள், உருட்டினாள், வாயில் போட்டாள். ரசமா பாயசமா என்று கேட்கவில்லை. இரண்டையும் சேர்த்தே சாப்பிட்டாள்.

இருட்டு ஒருத்தன் வீட்டில் மட்டும் இருந்தால் அது அவன் லட்சணம். எல்லார் வீட்டிலும் இருந்தால் அது அரசாங்கம். அரசாங்கத்தைக் காரணம் காட்டி எந்தக் கல்யாணமும் நின்றதில்லை.

"கை நனைச்சாச்சு," என்றாள் செங்கமலம், ஏப்பத்தோடு. "இனிமே நீங்க சம்பந்தியம்மான்னு கூப்பிடலாம்."

அப்போது கரண்ட் வந்தது. கீழே சுவிட்ச் அறை வாசலில் நின்றுகொண்டு உடும்பு கத்திக்கொண்டிருந்தது: "மெயினை இழுத்துவிட்டது எவன்டா?"

எவனும் இல்லை.

நீதி: உன் மேசைக்கு வெளிச்சம் வரவில்லையென்றால் விளக்குக்கு அலையாதே, ஊர் வெளிச்சத்தை அணை. அன்றைக்கு ஏழு மாடி இறங்கிப் போய் அணைத்தவள், கல்யாணப்பெண் நாச்சியார்.