பட்டப்பகல் நட்சத்திரம்

எங்கள் தெருவுக்குத் தொலைநோக்கிச் சாமியார் வந்த அன்றே நான் என் மூளைக்கு விடுமுறை கொடுத்துவிட்டேன். ஒரு வாடகைக் கூடம். நடுவில் முக்காலியின் மேல் கறுப்புக் குழாய். கண்ணை வைத்தால் அவரவர் நட்சத்திரம் தெரியுமாம். பிரகாசித்தால் யோகம், மங்கியிருந்தால் காணிக்கை கட்டிவிட்டு மறுநாள் காலையில் வர வேண்டும். வந்தால் பளிச்சென்று எரியும்! முதல் நாள் சினிமாவுக்கு நிற்பதுபோல் வரிசை. டாக்டர் நின்றார், வக்கீல் நின்றார், பள்ளியில் வானியல் படிக்கும் நானும் அப்பாவோடு நின்றேன்.

தொலைநோக்கியின் படத்தை அச்சுப் பிசகாமல் வரைந்து முழு மதிப்பெண் வாங்கியவன் நான். வெளியே இன்னும் சாயங்கால வெயில் அடித்தது. குழாய் நீட்டிக்கொண்டிருந்த பக்கம் ஜன்னல்கூடக் கிடையாது. அதெல்லாம் எனக்குத் தோன்றினால்தானே! கண்ணை வைத்தேன், மங்கலாக ஒரு புள்ளி தெரிந்தது, அப்படியே சொன்னேன்.

"மங்கிப்போச்சே தம்பி," என்று சாமியார் உச்சுக்கொட்டினார். "வானத்தைப் படிக்கிற படிப்பு உனக்கு ஆகாது. இது காணிக்கையில தீராது, நிறுத்திடு."

அப்பா அங்கேயே முடிவெடுத்துவிட்டார். "திங்கக்கிழமையிலேருந்து மாமா கடையில போய் உக்காரு."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வானம் என்றால் எனக்கு உயிர். ஆனாலும் சாமியார் மேல் துளி சந்தேகம் வரவில்லை. சந்தேகமெல்லாம் என் மேல்தான்.

மறுநாள் வகுப்பில் பக்கத்து பெஞ்சுக்காரியிடம், குழாய் சுவரைப் பார்த்து நின்றதுவரை ஒன்று விடாமல் புலம்பினேன். ஓயாமல் கேள்வி கேட்பதால் அவளுக்குக் கேள்விக்குறி என்று பெயர்.

"சுவத்துல நட்சத்திரமா? வா, நானும் பாக்கணும்," என்றாள்.

அன்று சாயங்காலமே போனோம். வேறு பரிகாரம் ஏதாவது உண்டா என்று கேட்க அப்பாவும் வந்தார். சாமியார் கண்ணை மூடி மந்திரம் முணுமுணுத்தார். நான் குழாயில் கண்ணை வைத்தேன். கேள்விக்குறி மெல்ல மறுமுனைக்கு நகர்ந்தாள்.

"தெரியுதா?"

"தெரியுது."

"இப்ப?"

"இப்பவும் தெரியுது!" என்றேன், கூடம் முழுக்கக் கேட்கும்படி, பரவசத்தோடு.

"கண்ணை எடுத்துட்டுப் பாருடா, மக்கு."

குழாயின் வாயை மூடிக்கொண்டு அவளுடைய புத்தகப் பை தொங்கியது.

கூட்டம் எட்டிப் பார்த்தது. சாமியார் அசரவில்லை. "உண்மையான நட்சத்திரம் பையைத் துளைச்சுக்கிட்டு வரும்மா!"

வெட்கக்கேடு, நான் தலையாட்டினேன். வக்கீலும் ஆட்டினார்.

அவள் பையை எடுத்துவிட்டுக் குழாயைக் கவிழ்த்து உலுக்கினாள். ஒரு குட்டி பல்பும் இரண்டு பேட்டரிகளும் தரையில் விழுந்து உருண்டன.

அப்புறம்தான் எங்களுக்கு உறைத்தது. காலையில் புது பேட்டரி, வந்தவர்களுக்கெல்லாம் யோகம். சாயங்காலம் பேட்டரி களைத்துவிடும், வந்தவர்களுக்கெல்லாம் தோஷம். என் படிப்பைக் காவு வாங்கப் பார்த்த கிரகம் ஒரு செத்துப்போன பேட்டரி! சாமியார் பின்வாசல் வழியாக மாயமானார். அவர் செய்த ஒரே நிஜ அற்புதம் அதுதான்.

அப்பா அந்தப் பேட்டரியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "கடைக்கெல்லாம் போக வேணாம்," என்றார். "ஒழுங்கா பள்ளிக்கூடம் போ. அந்தப் பொண்ணு பக்கத்துலயே உக்காரு."

ஐயா, அம்மா, யார் எந்த நட்சத்திரத்தைக் காட்டினாலும் தாராளமாகப் பாருங்கள். ஒரு கையால் குழாயின் மறுமுனையை மூடிக்கொள்ளுங்கள். இன்னொரு கையால் உங்கள் தலையைத் தட்டிப் பாருங்கள், உள்ளே ஆள் இருக்கிறாரா என்று.