‘ரெண்டும் ஒண்ணா’ மேடமும் கோஸ் பொரியலும்

ஆரணியில் அவரிடம் திட்டு வாங்காதவர் என்று ஒருவர் இருந்தால், அவர் இன்னும் பிறக்காதவராக இருக்க வேண்டும். சேவூர் சாலையில் உள்ள எங்கள் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் மூத்த ஆய்வாளரான அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘ரெண்டும் ஒண்ணா மேடம்’. “ரெண்டும் ஒண்ணுதானே” என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அவருக்கு மூக்கு சிவந்துவிடும்.

டீக்கடையில் காபி கேட்டார், டீ வந்தது. “ரெண்டும் சூடுதாம்மா” என்றார் மாஸ்டர். அதன் பிறகு எங்கள் ஆபீஸில் யாருமே அந்தக் கடைப் பக்கம் தலைகாட்ட முடியவில்லை. கலப்புப் புடவையை விரித்து, “பாக்க பட்டும் இதுவும் ஒண்ணுதாம்மா” என்றார் ஒரு கடைக்காரர். மேடம் அங்கேயே ஓரத்து நூலை உருவித் தீக்குச்சியைக் கிழித்தார். பட்டாக இருந்தால் கருகியிருக்கும்; இந்த நூல் உருகிச் சொட்டியது. கடைக்காரர் தீயணைப்பு வண்டியைக் கூப்பிடாததுதான் பாக்கி.

போன ஆடியில் ஒரு ஜவுளிக்கடை விழா. மதியம் சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தார்கள். எலுமிச்சை சாதம் முதலாளி வீட்டில் செய்தது. கோஸ் பொரியல் மட்டும் மேரி அக்கா மெஸ்ஸிலிருந்து வந்தது. உணவுப் பாதுகாப்பு அதிகாரி மேரி அக்காவின் மெஸ்ஸைத்தான் பூட்டினார். “அந்தத் தெரு கை பட்டா இப்டித்தான்” என்று ஊரில் வேறு பேசினார்கள். தினமும் அவர் கையால் சாப்பிட்ட வாய்கள்தான் அவை. இதை எழுதும்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

இரண்டு மாதிரிகளும் எங்களிடம் வந்தன. மேடத்தின் உதவியாளரான நான் அவற்றிலிருந்த கிருமிகளைக் கண்ணாடித் தட்டில் வளர்த்துப் பார்த்தேன். இரண்டிலும் அதே இளஞ்சிவப்புப் புள்ளிகள், அதே வெள்ளை வளையம்.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். “பேஜார் பண்ணாதீங்க மேடம். அந்த முதலாளி நமக்கு வேண்டியவரு. பொரியல்ல கிருமி இருக்குதுன்னு எழுதி ஜல்தியா கையெழுத்து போடுங்க. ரெண்டும் ஒண்ணுதானே?”

நான் மேஜை மேலிருந்த கண்ணாடிக் குடுவையை மெல்லத் தள்ளி வைத்தேன்.

“ரெண்டும் ஒண்ணா? அண்ணன் தம்பி ஒரே ஜாடைல இருந்தா, அண்ணன் பண்ண கொலைக்குத் தம்பிய தூக்குல போடுவியாய்யா?”

இரண்டு நாள் மரபணுச் சோதனை இயந்திரத்தையும் என்னையும் மாறி மாறித் திட்டியபடி வேலை பார்த்தார். சாதத்தில் இருந்தது பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா. வாந்தி வரவைக்கும் நஞ்சை உருவாக்கும் மரபணு அதில் இருந்தது. பொரியலில் இருந்ததில் அது இல்லை. பதிலாகப் புழுவைக் கொல்லும் புரதத்துக்கான மரபணு இருந்தது. அது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ், கோஸ் தோட்டத்தில் புழுவுக்குத் தெளிக்கிற பாக்டீரியா.

“இது தோட்டத்து மருந்துலேர்ந்து ஒட்டிகினு வந்தது. வாந்தி எடுக்க வெச்சது அந்தச் சோறு. முந்தின நாளே வடிச்சி வெளியவே வெச்சிகினு இருந்திருக்கானுங்க!”

“பொரியல்லயும் அந்த வகைக் கிருமிதான்னு பொதுவா எழுதிடுங்க மேடம்” என்று மேனேஜர் இழுத்தார்.

மேடம் முழு அறிக்கையையும் எழுதி, காகிதம் கிழிகிற மாதிரி கையெழுத்துப் போட்டு, டவுன் பஸ் ஏறி அதிகாரியிடம் தானே கொடுத்துவிட்டு வந்தார். மெஸ் திறந்தது. மேடத்தின் வேலை போனது.

மேஜையைக் காலி செய்த அன்று மேரி அக்கா அழுதுகொண்டே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சமைக்கிற கையால கண்ணத் தொடைப்பியா? போய் சோப்பு போட்டுக் கழுவு!”

மேரி அக்கா அழுகையோடு சிரித்துவிட்டார். மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, காலியான டிராயரில் எதையோ வெகுநேரம் தேடினார்.

இப்போது அவர் வேலூரில் வேலை பார்க்கிறார். மாதம் ஒரு முறை பஸ் பிடித்துப் போய், நேரில் திட்டு வாங்கிக்கொண்டு வருகிறேன்.