காயா, பழமா?

ஒரு பூசணிக்காயை வேகவைக்க ஒரு அடுப்பும் ஒரு பாத்திரமும் இருந்தால் போதும் என்றுதான், வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கும் தையலக்கா நாற்பத்தாறு வயதுவரை நம்பிக்கொண்டிருந்தாள். மேலிடத்தைக் கேட்காமல் ஒருத்தி தன்பாட்டுக்கு இப்படியெல்லாம் நம்பலாமா? அதனால் வந்த வினைதான் இது.

அவள் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். மிச்சமிருந்த பற்களையெல்லாம் பிடுங்கிப்போட்டு, "புதுப் பல்செட்டுக்கு ஆறு வாரம் ஆகும்" என்று அனுப்பிவிட்டார் பல் டாக்டர். அன்றிலிருந்து மனிதர் ஒரு நிறுத்தத்தின் பெயரைச் சொல்ல, ஜனங்கள் வேறொன்றில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தொண்டையில் இறங்கியது ஒன்றே ஒன்றுதான்: வேகவைத்து மசித்த பூசணி, கொஞ்சம் வெண்ணெய், ஒரு சிட்டிகை மிளகு.

நல்லவேளையாக மொட்டைமாடிக் கொடியில் பதினாலு கிலோவுக்கு ஒன்று விளைந்திருந்தது. முழுசாக வைத்தால் மாசக்கணக்கில் கெடாது. ஆனால் அதை ஏணி வழியாக இறக்கியவர் நம் கண்டக்டர். பழக்கதோஷத்தில் "ரைட், ரைட்" என்று சொல்லிக் கையை விட்டுவிட்டார். விரிசல் விட்ட பூசணி மூன்று நாள் தாங்கினால் பெரிய விஷயம்.

"போகட்டும் விடுங்க. இப்பவே வேகவச்சு மசிச்சு ஃப்ரீசர்ல போட்டுட்டா ஆறு வாரத்துக்கு உங்களுக்குக் கவலையில்ல" என்று தையலக்கா கத்தியை எடுத்தாள்.

"ஐயையோ, வெட்டிடாதீங்க! அனுமதி வாங்கிட்டீங்களா?" என்று ஜன்னலில் ஒரு தலை முளைத்தது.

அது பக்கத்து வீட்டு பாட்டில் அக்கா. எதையாவது கண்ணாடி பாட்டிலில் அடைத்து, கழுத்தில் ரிப்பன் கட்டி, போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்புவதுதான் இப்போதைய நாகரிகம். அதைத் தெருவுக்குக் கொண்டுவந்த புண்ணியவதி அவள்தான். பாட்டிலில் இருப்பதை யாரும் தின்பதில்லை. தின்றுவிட்டால் போட்டோவுக்கு என்ன செய்வது? போன வருஷம் அவள் வீட்டுப் பூசணி விழுது ஒன்று அலமாரியிலேயே பொங்கி வெடித்துக் கூரையில் போய் ஒட்டிக்கொண்டது. மக்கள் நலனில் தீராத அக்கறை கொண்ட மேலிடம் திடுக்கிட்டு எழுந்து, ஐந்து கிலோவுக்கு மேல் எதையும் வீட்டில் பதப்படுத்த முன் அனுமதி வேண்டும் என்று உத்தரவு போட்டு, அதற்கென்று ஓர் அலுவலகத்தையும் திறந்தது. கூரை மட்டும் இன்னும் மஞ்சளாகத்தான் இருக்கிறது.

மறுநாள் காலை தையலக்கா அந்த அலுவலகத்தில் நின்றாள். கீழ்த்தளத்துக் குமாஸ்தா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

"என்ன பதப்படுத்தப் போறீங்க?"

"பூசணிக்காய் சார்."

"காயா, பழமா?"

"அதான் பூசணிக்காய்னு சொன்னேனே."

"உள்ள என்ன நிறம்?"

"நல்லா பழுத்து மஞ்சளா இருக்கும் சார்."

"அப்ப பழம். இது காய்ப் பிரிவு. பழப் பிரிவு மாடியில."

மாடியில் இருந்த அம்மாள் விண்ணப்பத்தை ஒற்றை விரலால் திருப்பித் தள்ளினாள். "பேர்லயே காய் இருக்கே, தெரியல?"

"பழுத்துடுச்சும்மா."

"பழுத்தா பேர் மாறணுமா இல்லையா? மாங்காய் பழுத்தா மாம்பழம்னு மாறிக்குது. ஒரு மாங்காய்க்கு இருக்கிற ஒழுங்கு உங்க பூசணிக்கு இல்லையே!"

தையலக்கா மூன்று தடவை ஏறி இறங்கினாள். நாலாவது தடவை முழங்கால் கெஞ்சவே, நடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். படியில் வழியில்லாமல் நின்ற அதிகாரி வேறு வழியின்றி விவரம் கேட்டார். கேட்டு, கண்ணை மூடி, ஆழ்ந்து யோசித்து, ஓர் உத்தரவு கொடுத்தார். "மேற்படி பூசணியானது காயா அல்லது பழமா என்பது இறுதியாக நிர்ணயிக்கப்படும் வரை, அது தற்போதைய நிலையிலேயே கெடாமல் இருந்துவர வேண்டியது."

"இதப் பூசணிகிட்ட யார் சார் சொல்றது?"

"நகல் ஒண்ணு தர்றேன். அது பக்கத்துல ஒட்டிவச்சிடுங்க."

வீட்டு வாசலில் கண்டக்டர் ஆவலாக நின்றிருந்தார். "போன காரியம் என்னாச்சு? காயா, பயமா?" பல் போன வாயில் பழம் அப்படித்தான் வந்தது.

"அந்தக் கேள்விய மட்டும் இன்னொரு தடவை கேட்டீங்கன்னா தெரியும் சேதி!" என்று வெடித்தவள், அவருடைய ஒட்டிப்போன கன்னத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டாள். சட்டம் கிடக்கட்டும், இந்த மனுஷன் பட்டினி கிடக்க முடியாது.

அன்றே வெட்டினாள். விதையையும் நாரையும் வழித்தெடுத்து, துண்டுகளை ஆவியில் வேகவைத்து மசித்தாள். புது லைனிங் துணியில் கட்டி நீரை வடித்து, ஆறவைத்து, உறையும்போது உப்புமே என்று மேலே விரல்கடை இடம் விட்டுப் பதினெட்டு டப்பாக்களில் அடைத்தாள். அதிகாரியின் உத்தரவு வெட்டும் பலகை ஆடாமலிருக்க அடியில் மடித்து வைக்கப்பட்டது. அது உருப்படியான உத்தரவு என்பதை அப்போது அவளே ஒப்புக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மதியம், அந்த அலுவலகத்திலிருந்து கன்னம் வீங்கிய ஓர் ஆய்வாளர் வந்து நின்றார்.

"பூசணி எங்க?"

தையலக்கா ஃப்ரீசரை மறைத்துக்கொண்டு நின்றாள். "இங்கதான் சார் எங்கயோ..."

"பதினாலு கிலோம்மா! முழுசா ஒரு பூசணிக்காய் எங்க மறையும்? அனுமதியில்லாம வேகவச்சிருந்தா அத்தனையும் எடுத்துட்டுப் போய் அழிச்சிடுவோம், தெரியுமில்ல?"

மறைப்பதற்கு அன்று அந்த வீட்டில் சோறுகூட வடிக்கவில்லை. மேஜையில் கண்டக்டர் மட்டும் கிண்ணமும் கரண்டியுமாக உட்கார்ந்திருந்தார். வெண்ணெய் வாசனை ஆளைத் தூக்கியது. ஆய்வாளர் பார்வை அங்கே போய் ஒட்டிக்கொண்டது.

"அது என்ன?"

"ஊஹணி" என்றார் கண்டக்டர், மறைக்காமல்.

"என்னது?"

"ஊஹணி! ஊஹணி!"

"என்னமோ வாயில நுழையாத பேரு. ஆனா மெத்துன்னு இருக்கும்போல" என்று கன்னத்தைத் தடவினார் ஆய்வாளர். "நேத்துதான் எனக்கும் மூணு பல்லப் பிடுங்கினாங்க. ரெண்டு நாளா வெறும் தண்ணிதாம்மா."

தையலக்கா ஒரு கிண்ணம் வைத்தாள். அது மூன்று கிண்ணமானது. மூன்றாவதை வழித்தபோது கரண்டியில் ஒரு பூசணி விதை வந்தது. ஆய்வாளர் விதையைப் பார்த்தார். தையலக்காவைப் பார்த்தார். பிறகு தன் வயிற்றைப் பார்த்தார். விதையைக் கிண்ணத்தின் ஓரத்தில் மரியாதையாக வைத்துவிட்டுப் பேனாவை எடுத்து எழுதினார்: "மேற்படி பூசணி நேரில் ஆய்வு செய்யப்பட்டது. நிலை திருப்திகரம்." மாதிரிக்கு என்று இரண்டு டப்பாவும் வாங்கிக்கொண்டார்.

ஆறு வாரம் கழித்துப் பல்செட்டும் அனுமதியும் ஒரே நாளில் வந்தன. அப்போது ஃப்ரீசரில் ஒரு டப்பாகூட மிச்சமில்லை. "காய் (பழுத்தது)" என்ற தலைப்பில் வந்த அந்த அனுமதியை வருஷாவருஷம் அதே பூசணியை நேரில் காட்டிப் புதுப்பித்துக்கொள்ள வேண்டுமாம்.

அந்த அலுவலகத்திலிருந்து அனுமதி வாங்கிய ஒரே ஆள் அவள்தான் என்ற செய்தி பரவியது. விண்ணப்பமும் கையுமாக ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ரவிக்கை அளவுக்கு வந்தவர்களைவிட அவர்கள் அதிகமானார்கள். தையலக்கா வாசலில் தொங்கிய தையல் கடைப் பலகைக்குப் பக்கத்தில் இரண்டாவது பலகை ஒன்று மாட்டினாள்: "பதப்படுத்தல் விண்ணப்பங்கள் பூர்த்தி செய்து தரப்படும்."

ஒருநாள் பாட்டில் அக்காவே வந்து வரிசையில் நின்றாள்.

"தையலக்கா, நம்ம வீட்டுல ஒரு பூசணிக்காய் இருக்கு. அதை..."

தையலக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டாள்.

"காயா, பழமா?"

உள்ளேயிருந்த கண்டக்டர் முப்பத்திரண்டும் தெரியச் சிரித்தார். தையலக்கா சிரிக்கவில்லை.

"சீக்கிரம் சொல்லுங்க, பின்னாடி ஆள் நிக்கிறாங்க."