சீசருக்காக ஒரு மீன்சட்டி

“குசினியையும் பாக்கோணுமாம்!” கைபேசியை மேசையில் போட்டாள் அருந்ததி.

கோப்பாயில் உள்ள நாய்கள் காப்பகத்திலிருந்து இன்னும் இரண்டு மணித்தியாலத்தில் ஆட்கள் வருகிறார்கள். வீடு பிடித்தால்தான் சீசரைத் தருவார்களாம். மூன்று காலில் துள்ளி வந்து மடியில் தலை வைத்த அந்தச் சீசர் கிடைக்காவிட்டால் அவளுக்கு வேறு நாயே வேண்டாம்.

“குசினியை ஏன் பாக்கினம் எண்டு விளங்கேல்லையே அக்கா?” என்றாள் லவீனா. இருவரும் ஒரே ரியூசன் நிலையத்தில் படிப்பிக்கிறவர்கள். “மச்சம் சமைக்கிற வீடோ எண்டு பாக்கத்தான். மீன், இறைச்சி இல்லாத வீட்டுக்கு ஆர் நாய் குடுப்பினம்?”

அருந்ததியின் வீட்டில் இன்றுவரை ஒரு முட்டை உடைந்ததில்லை. அதற்காக விட்டுவிடுவதா? இருபது வருடமாகக் கணக்குப் படிப்பிக்கிறவளுக்கு வழியா தெரியாது!

“உங்கடை வீட்டிலை இண்டைக்கு என்ன கறி?”

“பாரைமீன் குழம்பு.”

“சட்டியோடை கொண்டு வா.”

லவீனா ஸ்கூட்டரில் குருநகருக்குப் பறந்து, சட்டியோடு திரும்பினாள். நல்லூர்க் கோயிலில் திருவிழாக் கொடியேறி அன்று மூன்றாம் நாள். ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் விரதம். குழம்பு அடுப்பில் சூடானதுதான் தாமதம், மதிலுக்கு மேலால் பக்கத்துவீட்டு மார்க்கண்டரின் தலை எழும்பியது.

“ரீச்சர், ஆற்றையோ வீட்டிலை மீன் மணக்குது! கொடியேறின நேரத்திலை! ஆரெண்டு பிடிக்காமல் விடமாட்டன்.”

“கட்டாயம் பிடியுங்கோ அண்ணை,” என்று கூசாமல் சொல்லிவிட்டு, உள்ளே போய் அள்ளி அள்ளிச் சாம்பிராணி போட்டாள்.

மணம் போகவில்லை. யன்னலால் புகைதான் போனது. வீடு பற்றுகிறதென்று மார்க்கண்டர் வாளித் தண்ணீரோடு ஓடி வந்து, சட்டியைக் கண்டு அப்படியே நின்றார்.

“ஐயோ முருகா! நீங்களோ ரீச்சர்?”

பதில் சொல்வதற்குள் வாசலில் வான் வந்து நின்றது. காப்பகத்து உதயகலா கோப்போடு இறங்கினாள். சாரதி றஜிந்தன் சீசரை இறக்கினான். அது புகைக்கோ என்னவோ தும்மிவிட்டு, வானுக்கே திரும்ப இழுத்தது.

குசினிக்குள் வந்த உதயகலா முகத்தைச் சுளித்தாள். “ரீச்சர், நீங்கள் மச்சம் சமைக்கிறனீங்களோ?”

மார்க்கண்டருக்கு மனம் கேட்கவில்லை. என்ன இருந்தாலும் அயலட்டை. “சீச்சீ! ரீச்சர் சுத்த சைவம், பிள்ளை. உது வேறை ஆரோ கொண்டந்து வைச்ச சட்டி.”

உதயகலாவின் முகம் மலர்ந்தது. பேனையை எடுத்தாள்.

கெடுத்தாரே மனிசன்! அருந்ததி பாய்ந்து முன்னால் வந்தாள். “அவருக்கு என்ன தெரியும்? இந்த வீட்டிலை மூண்டு நேரமும் மீன்தான்!”

“உண்மையாவோ?”

“பின்னை?” கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு துண்டை வாயில் போட்டு, மெல்லாமல் விழுங்கினாள். கண்ணால் தண்ணீர் ஓடியது. “ஆ... நல்ல ருசி!”

மார்க்கண்டர் வாளியைக் கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே குந்திவிட்டார். உதயகலா பேனையை மூடி, வானை நோக்கி நடந்தாள்.

“நில்லுங்கோ பிள்ளை! இறைச்சியும் சமைப்பன்!” என்று பின்னாலேயே ஓடினாள் அருந்ததி.

சீசரைத் தூக்கி வானில் ஏற்றிக்கொண்டிருந்த றஜிந்தன் திரும்பிப் பார்த்தான். “அன்னதான மடத்திலை சோறும் பருப்பும் திண்டு வளந்தவன் ரீச்சர் இவன், மீன் மணத்துக்கே மூண்டு வீட்டாலை ஓடி வந்திட்டான்; நல்லூரிலை ஒரு சுத்த சைவ வீடு கிடைச்சிட்டுது எண்டெல்லே உங்களிட்டைக் கொண்டந்தனாங்கள்!”