நடுவாவியில் பிறந்தவளுக்கு ஒரு சான்றிதழ்

மட்டக்களப்பு,
22.11.2009

வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையாலும் மேற்கே படுவான்கரையாலும் "எங்கட பிள்ளை இல்லை" என்று ஏகமனதாகக் கைவிடப்பட்டு, கடைசியில் ஒரு கரையால் முத்திரை குத்தி ஏற்றுக்கொள்ளப்பட்டவளும், வருங்கால நீதியரசியும், வருங்காலக் கதாசிரியையும், எனக்கு வாய்த்த ஒரே மருமகளுமாகிய செல்வி விதுர்ஷாவுக்கு, தாய்மாமன் அழகரத்தினம் ஆசிகள் பல கூறி எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் அம்மாவும், என் இடது முழங்கால் நீங்கலாக, நலம். கொழும்பு அறையில் நீயும் கடவுச்சீட்டுக் கவலை நீங்கலாக நலமாயிருப்பாய். அந்தக் கவலையையும் இனி விடு மகள். இந்த உறைக்குள் உன் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. முதலில் அதை எடுத்துப் பார், மூச்சை நல்லா விடு, பிறகு மிச்சத்தைப் படி.

மாசி மாதம் மெல்பேர்ணில் வகுப்புத் தொடங்குகிறது, சான்றிதழ் இல்லையென்றால் கடவுச்சீட்டு இல்லை, சட்டமும் இல்லை கதையும் இல்லை என்று நீ தொலைபேசியில் அழுத அன்றே நான் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டேன். உன் அம்மாவோ அசையவில்லை. "சட்டம் படிக்கட்டும், வேணாமெண்டு சொல்லல்ல. அதோட சேத்துக் கதை எழுதவும் ஒரு பட்டமா? கதை கட்டப் படிக்கிறதுக்கு கடல் தாண்டிப் போகவேணுமா? உன்ர வாய்க்கு முன்னால ஒரு கிழமை குந்தியிருந்தாக் காணும்" என்றா. இதை நான் புகழாகவே எடுத்துக்கொண்டேன்.

நீ பிறந்தது தொண்ணூறாம் ஆண்டு, ஆனி மாதம், சண்டை மறுபடி தொடங்கிய கிழமை. பாதை மூடி உன் அப்பா கொழும்பில் அகப்பட்டு நிற்க, படுவான்கரை வெல்லாவெளியில் என் அக்காவாகிய உன் அம்மாவுக்கு நோவு எடுத்து, எழுவான்கரை ஆசுப்பத்திரிக்கென்று நான் தோணி ஏற்றி, நடுவாவியில் நீ பிறந்த வரலாற்றை நான் உனக்கு ஆயிரத்து எண்ணூறு தடவை சொல்லியிருக்கிறேன். அதன்பிறகு ஓடுவதும் ஒளிவதுமாக உன்னைப் பதிய நேரம் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் காட்டிய உத்தேச வயதுக் கடிதத்தைச் சுனாமி வீட்டோடு வாரிக்கொண்டு போனது. ஆகவே அரசாங்கத்தின் கண்ணில் நீ இன்னும் பிறக்கவில்லை.

பிறந்த இடத்துப் பதிவாளர்தான் பதியவேண்டுமாம். படுவான்கரைக் கந்தோருக்குப் போனேன். "தண்ணிக்குள்ள பிறந்ததெல்லாம் எங்கட பிரிவில்ல" என்றார்கள். எழுவான்கரைக் கந்தோருக்குப் போனேன். "ஏறினது அங்க, அங்கயே கேளுங்க" என்றார்கள். இப்படிப் பதினொரு தடவை. ஒருநாள் சோதனைச்சாவடி வந்ததும், சண்டை முடிந்ததை மறந்து, இருபது வருசப் பழக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, அடையாள அட்டையைத் தூக்கிப் பிடித்தபடி நடந்தேன். திரும்பிப் பார்த்தால் என்னைத் தவிர ஒருவரும் இறங்கவில்லை. ஆமிக்காரப் பையன் என் அட்டையை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை, சிரித்தான். பஸ் போய்விட்டது. மூன்று மைல் நடந்தேன், ஆனால் ஒன்று சொல்வேன் மகள், அவ்வளவு சந்தோசமாக நான் ஒரு பஸ்ஸையும் தவறவிட்டதில்லை.

எழுவான்கரைப் பதிவாளர் ஆர்னோல்ட் நல்ல மனிதர். ஞாயிறு பூசை முடிந்ததும் தூண்டிலோடு வாவியில் கிடப்பவர். என் தொல்லை தாங்காமல், "சரி, எந்த இடத்தில பிறந்ததெண்டு சத்தியக்கடதாசி ஒண்டு கொண்டு வாங்க" என்றார். நானே எழுதினேன். முதலைகள் இருபுறமும் வரிசையாக நின்று தோணிக்கு வழிவிட்ட இடத்தை அவர் இரண்டு தரம் வாசித்தார்.

"அழகரத்தினம், இந்த முதலையள் சாட்சிக்கு வருமா?"

"வயசாளிகள் ஐயா. செத்துப்போயிருக்கும்."

பிறகு நீ சட்டப் புத்தகம் பார்த்து அனுப்பினாய் அல்லவா, "மேற்படி தாய்க்கு மேற்படி நீர்ப்பரப்பில் மேற்படி குழந்தை" என்று? அதைப் பார்த்து, "இதில மேற்படியத் தவிர ஒண்டும் பிறக்கல்லியே" என்றார். சரி, இடத்தை நேரில் பார்ப்போமென்று தோணிக்காரன் நல்லரத்தினத்தையும் கூட்டிக்கொண்டு வாவிக்குள் போனோம். நீ பிறந்த அன்றைக்கு அவனும் நானும்தான் தோணியின் முன்னணியத்தில் நின்று கம்பு ஊன்றினோம். நடுவில் சேலை கட்டி மறைத்திருந்தது. மானத்துக்கு அஞ்சி இருவரும் பின்னுக்குத் திரும்பவேயில்லை. அழுகைச் சத்தம் கேட்டதுதான் எங்கள் சாட்சியம். மறைப்புக்குள் உன் அம்மாவுக்குத் துணையிருந்த அயல்வீட்டு ஆச்சிப்பிள்ளையக்காவைத்தான் சுனாமியில் கடல் கொண்டுபோய்விட்டதே.

"இஞ்சதான்" என்றான் நல்லரத்தினம்.

"அங்க பார்டா, அந்தக் கண்டல் மரத்துக்கு நேர" என்றேன் நான்.

"உனக்கு அண்டைக்குக் கண்ணே தெரியல்ல, நடுங்கிக்கொண்டு நிண்ட நீ!"

இந்த அவதூறுக்கு நான் எழும்பி நின்று பதிலளிக்க, தோணி சரிய, நான் விழ, ஏழு கடல் ஆழத்துக்குப் போய்விட்டதாக எண்ணி உன் பெயரையும் உன் அம்மா பெயரையும் சொல்லி விடைபெற்றேன். ஆர்னோல்ட் ஐயா பொறுமையாக, "எழும்புங்க, முழங்கால் தண்ணி" என்றார். அந்த முழங்கால்தான் இந்த முழங்கால்.

அப்போதுதான் நீ இரண்டாவது சத்தியக்கடதாசியை அனுப்பினாய். சட்டப்படி பந்திகளுக்கு இலக்கம் போட்டிருந்தாய், பந்திகளுக்குள்ளே நான் சொன்ன கதை ஓடியது. முதலைகளை எடுத்துவிட்டாய், அது எனக்குத் துக்கம்தான். நான் சமாதான நீதவான் முன் சத்தியம் செய்து ஒப்பமிட்டேன். என் வாழ்நாளில் உண்மையை உள்ளபடி சொன்னது அதுவே முதல் தடவை. ஆர்னோல்ட் ஐயா வாசித்துக்கொண்டே போய் நாலாம் பந்தியில் நின்றார். "மத்தியான வெயிலில் காற்று எங்கள் முதுகில் சுட்டது, தோணி கம்பைக் கேளாமல் ஓடியது" என்று எழுதியிருந்தாய்.

கண்ணாடியைக் கழற்றினார். "இது கச்சான் காத்தெல்லோ! மேற்கால இருந்து அடிக்கிறது. ஆனி மாசம், மத்தியானம், கச்சான். அப்ப தோணி இந்தக் கரைக்குப் பாய்ஞ்சு வந்திருக்கும். பாதிக்கு மேல வந்திட்டுது. எங்கட பிரிவுதான்!" என்றார். முத்திரை விழுந்த சத்தம் கோயில் மணிபோல் இருந்தது. எனக்குக் கண் கலங்கியது, அவருக்கும் கலங்கியது. என்னை இனிக் காணவேண்டியதில்லை என்பதால் இருக்கலாம்.

அக்காவிடம் சான்றிதழைக் கொடுத்தேன். ஓரமாய் வைத்துவிட்டு, உன் சத்தியக்கடதாசியை எடுத்து இரண்டு தரம் வாசித்தா. பிறகு, "அந்தக் கதைப் படிப்பையும் படிக்கட்டும்" என்றா. அவ்வளவுதான். நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன், பத்தொன்பது வருசத்தில் முதல் தரம் குறை சொல்லாமல் குடித்தா.

ஆகவே மருமகளே, போய்வா. படிக்க முன்னமே இரண்டு படிப்பையும் பாவித்துக் காட்டிவிட்டாய். கண்ணகையம்மன் காவலும், இரு கரைகளின் வாழ்த்தும், வழிவிட்ட முதலைகளின் ஆசியும் உன்னோடு வரட்டும்.

இப்படிக்கு,
உன்னால் உண்மையாளனாக்கப்பட்ட மாமன்,
அழகரத்தினம்

பி.கு.: உறையை ஒட்டுமுன் இதை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "தோணியில பிறக்கல்லடா அவள்" என்றா. தோணி எழுவான்கரையில் தட்டியதும் நான் வண்டில் பிடிக்க ஓடினேனாம், நல்லரத்தினம் எனக்குப் பின்னால் ஓடினானாம், நீ அதற்குப் பிறகுதான் துறையடி மணலில் பிறந்தாயாம்.

"அப்ப நடுவாவியில நாங்க கேட்ட அழுகை?"

"ஆச்சிப்பிள்ளையக்காட மடியில கிடந்த ஆட்டுக்குட்டி."

"ஏன்கா இவ்வளவு காலமும் சொல்லல்ல? ரெண்டு கந்தோர், மூண்டு மாசம், என்ர முழங்கால்!"

"என்னை ஆர் கேட்ட? பெத்தவள் ஒருத்தி வீட்டில இருக்காளெண்டு ஒருத்தருக்கும் நினைப்பு வரல்லியே. மறுகா, நீ சொல்ற கதையும் நல்லாத்தானே இருந்திச்சு, விட்டுட்டன்."

ஆக, சான்றிதழில் உள்ள இடம் சரி, நான் சத்தியம் செய்ததுதான் பிழை. சத்தியக்கடதாசியின் பிரதியையும் இதே உறையில் வைத்திருக்கிறேன். சான்றிதழைச் சட்டம் படிப்பிக்கிறவர்களுக்குக் காட்டு, கடதாசியைக் கதை படிப்பிக்கிறவர்களுக்குக் காட்டு. தயவுசெய்து மாறிக் காட்டிவிடாதே.