ஓய்வு வியாழனை உடனே நிறுத்தவும்

தலைநகர் அபியாவில் குடும்ப உதவிச் சங்கத்தின் பெரிய நாற்காலியில் அமர்ந்திருக்கும் என் மதிப்புக்குரிய எசேட்டா அக்காவுக்கு, சவாயித் தீவிலிருந்து தம்பி வில்லியாமு, ஊர்ச் சபையின் பேச்சாளன் என்ற முறையிலும் உன் கூடப்பிறந்தவன் என்ற முறையிலும் பணிந்து எழுதுவது. நீயும் அத்தானும் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். இங்கே மழை உண்டு, மீன் உண்டு, சீமைப்பலா தேவைக்கு மேல் உண்டு. ஓய்வு மட்டும் இல்லை. அது விஷயமாகத்தான் எழுதுகிறேன்.

லூப்பேக்கு ஒன்பது வயது முடிந்துவிட்டது. கை கால் இன்னும் அவள் நினைத்தபடி கேட்பதில்லை, பேச்சும் வரவில்லை. அதனால் என்ன, இந்தத் தீவில் ஆமாம் சொல்ல யார் வாயைத் திறக்கிறார்கள்? புருவத்தைத் தூக்கினால் போதும், அதில் என் மகளை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் கனமும் ஏறிவிட்டது. பகலெல்லாம் நான் தோட்டத்தில்; அவள் அம்மா திரேசாதான் தூக்கிக் குளிப்பாட்டி, தூக்கி உட்காரவைத்து, இடுப்பு பிடித்துக்கொண்டுவிட்டது. நர்ஸ் வந்து பார்த்து, "வாரத்துல ஒரு நாளாவது அசந்து தூங்கும்மா. இல்லேன்னா அடுத்த வருஷம் புள்ளையத் தூக்கவே முடியாது" என்று சொல்லிவிட்டாள். அப்போதுதான் நீ 'ஓய்வு வியாழன்' ஏற்பாடு செய்தாய். மாதர் குழுவிலிருந்து மூன்று பெண்கள் வந்து லூப்பேயைப் பார்த்துக்கொள்வார்கள், திரேசா தூங்குவாள். காகிதத்தில் நன்றாகத்தான் இருந்தது.

மூன்று பேர் வீட்டுக்கு வந்தால் அவர்கள் யார்? விருந்தாளிகள். அது உனக்குத் தெரியாதா, இல்லை அபியாவுக்குப் போனதும் மறந்துபோச்சா? முதல் வியாழன் விடியுமுன் திரேசா எழுந்து அடுப்புக் குழியில் கல் சுடவைத்து, சேப்பங்கிழங்கு வேகவைத்து, சேம்பிலையில் தேங்காய்ப்பால் ஊற்றிப் பொட்டலம் கட்டி, கொக்கோ கலக்கி, புதுப் பாய் விரித்து நிற்கிறாள். நான் வரவேற்புரை ஆற்றினேன், சுருக்கமாக ஐம்பதே நிமிஷம். வந்த மூவரில் ஒருத்தியான மட்டாலேனாவின் பதிலுரை நாற்பது நிமிஷம். பிறகு ஜெபம், சாப்பாடு. திரேசா திரைக்குப் பின்னால் போய்ப் படுத்தாள். வெளியே யாரோ கோப்பையைக் கீழே வைத்த சத்தம் கேட்டதுதான் தாமதம், "கொக்கோவுல சக்கர பத்தலையோ" என்று எழுந்து வந்துவிட்டாள். இரண்டாம் வியாழன் அவர்கள் "எங்களுக்கு ஒண்ணும் வேணாம்" என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பினார்கள். போன வாரச் சாப்பாடு பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று இவள் ஒரு பன்றிக்குட்டியையே சமைத்துவிட்டாள். மூன்றாம் வியாழன் அவர்கள் கூச்சப்பட்டுக் கூடை நிறையப் பலகாரம் கொண்டுவர, வாங்கிய கை சும்மா இருக்கலாமா, பதிலுக்குக் கொடுக்க நான் ஒரு சேவலைத் துரத்திக்கொண்டு சர்ச் வாசல் வழியாக ஓடினேன், பாஸ்டர் பார்த்துவிட்டார். நாலாம் வியாழன் சாப்பாடு முடிந்து மட்டாலேனா எங்கள் பாயில் இரண்டு மணி நேரம் குறட்டை விட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து ஈ விரட்டியது யார் என்று கேள். திரேசா! லூப்பே அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்து அவளுக்கு விக்கலே வந்துவிட்டது. எழுந்த மட்டாலேனா உன் படிவத்தில், 'இன்று ஓய்வு கிடைத்ததா?' என்ற கேள்விக்கு 'மிக நன்றாக' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

"நீங்க ஐம்பது நிமிஷம் பேசாம இருந்தா நான் ஐம்பது நிமிஷம் தூங்கியிருப்பேன்" என்கிறாள் உன் தம்பி பெண்டாட்டி. நியாயமா அக்கா? நான் பேசலேன்னா ஊரு என்னைய மதிக்குமா? ஆக, என் மனைவி உயிரோடு இருக்க வேண்டுமானால் அவளுக்கு அளித்துவரும் ஓய்வை உடனே நிறுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். அத்தானுக்கு என் வணக்கம். உன் பிள்ளைகள் நீடூழி வாழட்டும், உன் கூரை ஒழுகாதிருக்கட்டும்.

பணிவுள்ள தம்பி,
வில்லியாமு

பின்குறிப்பு: தபால் கப்பல் வரத் தாமதம், அதற்குள் ஐந்தாம் வியாழன் வந்துவிட்டது. மேலே எழுதிய எல்லாவற்றையும் அடித்துவிடு. மட்டாலேனா வந்தவள் பாயில் உட்காரவில்லை. "உக்காந்தா நீங்க பேச ஆரம்பிச்சிருவீங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, "ஏண்டி லூப்பே, எங்க வீட்டுக்கு விருந்துக்கு வர்றியா?" என்று கேட்டாள். அந்தப் புருவம் உச்சந்தலை வரை போயிற்று அக்கா. மூன்று பெண்களும் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே புதுப் பாய், கொக்கோ, மட்டாலேனா புருஷனின் முழு வரவேற்புரை, எல்லாம் என் மகளுக்கு. அவள் புருவத்தாலேயே பதிலுரை சொன்னாளாம், ஊரில் இதுவரை இவ்வளவு நல்ல பேச்சு கேட்டதில்லையாம். அடுத்த வாரம் அவளை அழைக்க மூன்று வீட்டுக்காரர்கள் சண்டை. தயவுசெய்து செவ்வாய்க்கிழமையையும் சேர்த்துக்கொள்.

நான் வாசலில் உட்கார்ந்து கோழி விரட்டினேன், ஆறு மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு உடம்பு சரியில்லையா என்று பாஸ்டர் வந்து விசாரித்தார். மாலை ஜெபத்துக்குச் சங்கு ஊதியபோதுதான் திரேசா எழுந்து வந்தாள். கன்னமெல்லாம் பாயின் கோடு பதிந்திருந்தது. ஒன்பது வருஷமாக அந்த முகத்தில் நான் பார்க்காத கோடு. அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் தேய்த்துவிடுவாள்.