ரிஜெக்ட் மேசை

ஆம்பூருக்குத் தோலாக வந்து சேர்ந்த மாடுகளில், செலக்‌ஷன் பாயிடம் திட்டு வாங்காத மாடு ஒன்றுகூடக் கிடையாது. தோல் தொழிற்சாலையில் அவருக்கு வேலையே அதுதான். ஒவ்வொரு தோலையும் விரித்துக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, ஃபர்ஸ்ட், செகண்ட், ரிஜெக்ட் என்று சாக்பீஸால் குறி போடுவார். முள் கீறிய தோல் கண்ணில் பட்டால், "மேயப் போன எடத்துல பாத்து நடக்கக் கூடாதா" என்று செத்துப்போன மாட்டைக் கோபித்துக்கொள்வார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். கட்டைவிரல் ஓய்வு பெறவில்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் ஷெர்வானியைத் தடவிவிட்டு "செகண்ட்" என்றார். என்னையும் ஒருநாள் ஏற இறங்கப் பார்த்தார்.

"நல்ல பீஸ்தான் தம்பி. கழுத்துல சுருக்கம் ஜாஸ்தி."

இப்பேர்ப்பட்டவரிடம்தான் அவருடைய அக்கா மகன், என் தோஸ்த் இம்ரான், மரியாதைக்காக ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தான். பைபாஸில் பிரியாணி ஹோட்டல் திறக்க ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் திறப்பு; ஊர் முழுக்க அழைத்தாகிவிட்டது. மேசைகளுக்கு இரும்புக் கால்கள் வந்து நின்றன. மேலே போட மரப்பலகை வாங்குவதுதான் பாக்கி.

"மாமு, பலகைய நீங்க பாத்து சொல்லுங்க."

அவ்வளவுதான். மறுநாளே என் காரில் மூவரும் வாணியம்பாடி மரக்கடைக்குக் கிளம்பினோம். கடைக்காரர் உள்ளே தேக்குப் பலகைகளை அடுக்கி வைத்திருந்தார். பாய் வாசற்படியைத் தாண்டவில்லை.

"எல்லாத்தயும் வெளிய கொண்டாங்க. டியூப்லைட்ல பாத்தா எல்லாமே மாப்பிள்ளைதான்."

பலகைகள் தெருவுக்கு வந்தன. ஆட்டோக்கள் நின்றன. பாய் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போய், ஒரு கணுவின் மேல் விரலை நிறுத்தினார்.

"இது இன்னா புண்ணு?"

"புண்ணு இல்ல பாய், கணு. மரம்னா கெளை இருக்கும். கெளை இருந்தா கணு இருக்கும்."

"மாடுன்னா கீறல்கூடத்தான் இருக்கும். அதுக்காவ கீறல் தோல ஷூ மூக்குல வெப்பியா? கஸ்டமர் கண்ணு மொதல்ல படற எடம்பா அது."

கணு இல்லாத பலகைகளுக்கு அடுத்த பரீட்சை. வீட்டிலிருந்து கொண்டுவந்த பிரியாணிப் பொட்டலத்தைப் பலகை மேல் பிரித்து, முழங்கை ஊன்றி, நிதானமாகச் சாப்பிட்டார். கத்திரிக்காய்த் தொக்கை ஓரத்தில் சிந்தித் துடைத்தார். கறை நின்றது. ரிஜெக்ட். மெருகு போடாத பச்சைப் பலகையில் கறை நிற்காமல் என்ன செய்யும் என்று கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அடுத்தடுத்த கடைகளிலும் இதே கதை. எந்தக் கடையிலும் பலகை தேறவில்லை. பிரியாணி மட்டும் தவறாமல் தேறியது.

புதன்கிழமையும் வந்துவிட்டது. எப்போதும் சிரித்த முகமாக இருக்கும் இம்ரான் அன்று சிரிக்காமல் பாயின் எதிரில் வந்து நின்றான்.

"பேஜாரா கீது மாமு. வெள்ளிக்கிழம வர்ற ஜனம் பிளேட்ட கையில புடிச்சிக்கினு நிக்கட்டுமா? மொத நாளே ஊரு சிரிச்சிட்டா அப்புறம் யாரு வருவாங்க?"

பாய் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மறுநாள் பொழுது விடிந்ததும் உள்ளூர் மரக்கடை வாசலில் தனியாக நின்று பலகைகளைப் பொறுக்கி எடுத்துவிட்டார். ஒரே ஒரு பலகையில் மட்டும் நடுவில் கணு. அதில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டார். மாற்றித் தர வேறு பலகை கடையில் இல்லை. ஆசாரி குறியை அழித்து, மெருகு ஏற்றி, ஜன்னலோர மேசையில் பொருத்திவிட்டார்.

வெள்ளிக்கிழமை கூட்டம் அலைமோதியது. கதவு திறந்ததும் முதல் ஆளாக உள்ளே நுழைந்த பாய் நேரே அந்த மேசைக்குப் போய், கணுவின் மேல் தன் பிளேட்டை வைத்து உட்கார்ந்தார். ஒரு பிளேட் முடிந்தது, இன்னொன்று வந்தது. எழுந்திருக்கிற உத்தேசமே தெரியவில்லை.

"மாமு, கஸ்டமர் நிக்கிறாங்க. கொஞ்சம் எழுந்திரிங்க."

"எழுந்தா பிளேட்ட எடுத்துருவாங்க. என் மானம் இதுக்கு அடியிலதான்டா கீது."

அன்றிலிருந்து தினமும் மதியம் அந்த மேசை அவருக்குத்தான். கணு எந்த வாடிக்கையாளரின் கண்ணிலும் பட்டுவிடாமல் பிளேட்டால் மூடிக் காவல் காக்கிறார். கடை நன்றாக ஓடுவதற்குத் தன்னுடைய காவலும் ஒரு காரணம் என்று நம்புகிறார். பிரியாணிதான் காரணம் என்று அவரிடம் சொல்லும் தைரியம் எங்களுக்கு இல்லை.

போன மாதம் அவர் ஓசூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அந்தச் சமயம் பார்த்து ஆசாரி ஒரு புதுப் பலகையோடு வந்தார்.

"கணுவே இல்ல இம்ரான் பாய். அத கழட்டிட்டு இத போட்டுடட்டுமா?"

இம்ரான் அந்த ஜன்னலோர மேசையைப் பார்த்தான். வெளியே இடத்துக்காக ஆட்கள் நின்றிருந்தும் அன்று அதில் யாரையும் அவன் உட்கார வைத்திருக்கவில்லை.

"வேணாம் ஆசாரி, எடுத்துட்டுப் போங்க. புதுசு போட்டா, மாமு திரும்பி வந்து எங்க உக்காருவாரு?"